திரும்பாதவள்

கல்லூரியிலிருந்து வந்து கைப்பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, கூடத்துத் தரையில் பரப்பிக் கிடந்த காகிதங்களுக்கு நடுவே அவள் வழக்கம்போல உட்கார்ந்தபோது, தரைவிரிப்பு சூடாக இருந்தது.

வெயில் பட்ட சூடு இல்லை. அன்று காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. பேருந்தில் ஒருவர் எழுந்துபோன இருக்கையில் உடனே உட்கார்ந்தால் தொடையில் ஏறுமே, கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்குமே, அந்தச் சூடு. அவள் பாதி எழுந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு மட்டும் இருந்தது. அதைச் சுற்றித் தரை சில்லென்று கிடந்தது.

"அக்கா, இங்க உக்காந்திருந்தீங்களா?"

அப்பாவின் அறையிலிருந்து ஈரத் துண்டோடு எட்டிப் பார்த்தாள், பகலில் அவரைக் கவனித்துக்கொள்ள வரும் அக்கா. "நானா? அந்தப் பக்கமே நான் வரமாட்டேன் டீச்சர். ஒரு பேப்பர மிதிச்சாலும் உங்க டாக்டர் பட்டம் போயிடும்னு அன்னைக்கே மிரட்டி வெச்சிட்டீங்களே. பழைய பேப்பர்காரன் மட்டும் இந்தக் கூடத்தப் பாத்தான்னா வாயூறிச் செத்துடுவான்."

அவள் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சூடு யாருடையது என்று தெரியாமல் அவளுடையதாகவே ஆகிப்போனது.

நர்சிங் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், நாற்பதைத் தாண்டிய பிறகு ஆராய்ச்சியில் இறங்கியிருந்தாள். சாவை நெருங்கும் நோயாளிகள், அறையில் இல்லாத ஆட்களைப் பார்ப்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு. வார்டில் வேலை பார்த்த காலத்தில் அவளே எத்தனையோ தடவை கேட்டதுதான். "எங்க அம்மா வந்து நிக்கிறாங்க சிஸ்டர், ஒரு நாற்காலி போடுங்க" என்பார்கள். போட்டும் இருக்கிறாள். இப்போது அதைப் பற்றி உலகத்தில் யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்து, வகை பிரித்து, முதல் அத்தியாயமாக எழுத வேண்டும். அவளுடைய வழிகாட்டி, கல்லூரி முழுக்க நடுங்கும் மேடம், முதல் நாளே சொல்லிவிட்டார்: "படிச்சதையெல்லாம் என் மேசையில கொண்டுவந்து கொட்டாதே. எல்லாரும் எதைப் பாத்தாங்க, எல்லாரும் எதைப் பாக்காம விட்டாங்க, அதைச் சொல்லு. அந்த விட்டுப்போன இடம்தான் உன் ஆராய்ச்சி."

திரையில் படித்தால் அவளுக்கு மண்டையில் ஏறாது. எல்லாவற்றையும் அச்செடுத்து, கூடத்துத் தரையில் குவியல் குவியலாக வைத்திருந்தாள். இறந்துபோன உறவுகளைப் பார்த்தவர்கள் ஒரு குவியல். குழந்தைகளைப் பார்த்தவர்கள் ஒன்று. பூனை, நாய், பறவை என்று பார்த்தவர்கள் ஒன்று. யாரென்றே தெரியாத அந்நியரைப் பார்த்தவர்கள் கடைசி. நடுவில் ஒரு பெரிய அட்டைத்தாள். அதில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தாள்: யார் பார்த்தது, யாரைப் பார்த்தது, அறையில் எந்த இடம், அந்த உருவம் என்ன செய்துகொண்டிருந்தது, முகம் எப்படி.

ஜன்னல் வெளிச்சத்துக்காக அவள் ஜன்னலைப் பார்த்து உட்காருவாள். அதனால் முதுகு அப்பாவின் அறைப் பக்கம் இருக்கும். கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அவர் கூப்பிட்டால் கேட்க வேண்டும். அப்பா வாழ்க்கை முழுக்கப் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வார்த்தைகளும் பெரும்பாலும் போய்விட்டன. மிச்சம் இருந்தது இடது கை. வருடக்கணக்காக அந்தப் பெரிய ஸ்டீயரிங்கைச் சுற்றிய கை. அவள் படுக்கையில் சாய்த்துவிடும்போது அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாரென்றால் வலிக்கும். "ஒரு கை போதும் பாப்பா, வண்டி ஓட்டிடலாம்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் குழறிக் குழறிச் சொல்லுவார். இப்போது அதையும் சொல்வதில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார். கணவர் கப்பலில் எங்கோ கடலில் இருந்தார். போன் கிடைக்கும்போது, "தைரியமா இரு, நான் வந்துடறேன்" என்பார். கப்பல் கரையைத் தொட இன்னும் மாதங்கள் இருந்தன.

அந்நியர் குவியலை அவள் கடைசியாகத்தான் எடுத்தாள். மெலிந்த குவியல். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலத்தில், வீடு வீடாகப் போன நர்சுகளும் மருத்துவர்களும் எழுதியவை. படித்துக் கட்டங்களை நிரப்ப நிரப்ப, பென்சில் பிடித்த கை மெதுவானது.

ஒரு கிழவர் தன் மருமகளிடம் சொல்லியிருக்கிறார்: ஒரு பொம்பளை தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், முதுகுதான் தெரிகிறது. வேறு நாட்டில், வேறு மொழியில், ஓர் ஆசிரியை: தரையில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாள், என் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறாள். இன்னொருவர்: அந்தப் பெண் உட்கார்ந்து பொத்தான் தைக்கிறாள், அவளைக் கூப்பிட்டுவிடாதீர்கள். எல்லாரும் பார்த்தது ஒரு பெண். எல்லாரும் பார்த்தது முதுகு. எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேண்டுகோளை வைத்திருக்கிறார்கள். அவள் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பென்சிலைக் கீழே வைத்தாள். உடனே அவளுக்குள் இருந்த நர்ஸ் விழித்துக்கொண்டாள். கட்டங்களை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். துணி மடித்த பெண்ணைக் கண்ட வீட்டில், கிழவரைக் கவனித்துக்கொண்ட மருமகள் சலவை வேலை செய்தவள். பொத்தான் தைத்த வீட்டில், மனைவி தையல்காரி. பாவம், மங்கிப்போன கண்ணும் கலங்கிப்போன மூளையுமாகக் கிடந்தவர்கள், வீட்டில் தங்களைக் கவனித்துக்கொள்பவளையே அடையாளம் தெரியாமல் பயந்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள். "நல்ல பாயிண்ட்" என்றார் மேடம். மேடத்தின் வாயிலிருந்து அது வருவது அபூர்வம். "சரி, முகம்னு ஒரு கட்டம் போட்டிருந்தியே. அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல மேடம். உறவுக்காரங்களைப் பாத்தவங்க எல்லாம் முகத்த அப்படியே வர்ணிச்சிருக்காங்க. இந்தக் குவியல்ல மட்டும் ஒருத்தர்கூடச் சொல்லல."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட."

"அப்ப அதுதான் விட்டுப்போன இடம்," என்றார் மேடம், உற்சாகமாக. "அதை விடாதே. பிடிச்சுக்கோ."

அந்த வாரம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்லூரியில் மாணவிகளிடம்கூடச் சிரித்துப் பேசினாள். வீட்டுக்குத் திரும்பிய ஒரு சாயங்காலம், அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே குறைபட்டுக்கொண்டாள்.

"இருந்தாலும் டீச்சர், மதியம் நீங்க வந்திருந்தப்ப அத்தனை தடவ கூப்பிட்டேன். ஐயாவுக்கு வாயில நுரை மாதிரி வந்துச்சு, பயந்துட்டேன். நீங்க பாட்டுக்குக் குனிஞ்சு எழுதிக்கிட்டே இருக்கீங்க. திரும்பிக்கூடப் பாக்கல. அப்புறம் நானே துடைச்சு விட்டேன்."

"மதியமா? மதியம் நான் காலேஜ்ல இருந்தேனே."

"என்ன டீச்சர் விளையாடுறீங்க. ஐயா கட்டில்கிட்ட நின்னு கூப்பிட்டேன். நீங்க இங்க, இதே இடத்துல. முதுகு தெரிஞ்சுது. இதே கிளிப்பு."

அவள் கை தானாகப் போய்த் தலையின் கிளிப்பைத் தொட்டது. அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வரப்போன உதடு அப்படியே நின்றது. "நேத்து மதியமா இருக்கும்," என்றாள் மெதுவாக. "எனக்கும் வயசாகுதில்ல. நாளு குழம்பிடுது." செருப்பின் வாரைக்கூடச் சரியாக இழுக்காமல் படியிறங்கிப் போனாள்.

நேற்று மதியமும் அவள் கல்லூரியில்தான் இருந்தாள்.

அன்றிரவு எல்லா ஜன்னலையும் ஒருமுறை பார்த்தாள். தாழ்ப்பாள்கள் சரியாக இருந்தன. எதுவும் காணாமல் போகவில்லை. யாராவது திருடன், யாராவது பைத்தியம் என்று நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். அப்படி ஒரு ஆள் கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கட்டங்கள் போட்ட அட்டைத்தாளைச் சுருட்டி மூலையில் வைத்தாள். மறுநாள் காலையில் அது சுருட்டியபடியேதான் இருந்தது. தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி விரித்தாள். மேடம் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்பா சாப்பிடுவது குறைந்தது. கரண்டியை உதட்டில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் மட்டும் முன்பைவிடக் கூர்மையாக இருந்தது. அவளுடைய தோளைத் தாண்டி, கதவு வழியாக, கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் வாயைத் துடைத்துவிடும்போது அவர் உதடு அசைந்தது.

"அந்தப் பொண்ண... போகச் சொல்லு."

கை நின்றது. பாடம் எடுக்கும் குரலை வரவழைத்துக்கொண்டாள். "எந்தப் பொண்ணுப்பா?"

"கீழ... உக்காந்து... பேப்பர்."

அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் காகிதத்தில் படித்தது, இப்போது சொந்த வீட்டில், சொந்த அப்பாவிடம். அவருக்கு நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். குனிந்து அவருடைய நெற்றியில் கை வைத்தாள். "அது நான்தான்ப்பா. பாப்பா. நான்தான் அங்க உக்காந்து படிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் அவளையே பார்த்தார். எதையோ சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் பார்ப்பதுபோல. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், அக்கா சீக்கிரமே கிளம்பினாள். நாளைக்கு வர முடியுமா தெரியவில்லை என்றாள், மகளுக்கு உடம்பு சரியில்லை என்றாள், கூடத்தின் பக்கம் திரும்பாமலே சொன்னாள். கதவைச் சாத்தியதும் வீட்டுக்குள் மழையின் சத்தம் மட்டும் மிஞ்சியது. ஓடும் தண்ணீர், சொட்டும் தண்ணீர், எங்கோ தகரத்தில் விழும் தண்ணீர் என்று தனித்தனியாகக் கேட்டது. அதற்கு அடியில், முதுகுக்குப் பின்னால், அப்பாவின் மூச்சு. இழுத்து, நின்று, விட்டு. ஈரமான காகிதத்தின் வாசனையும் மருந்து வாசனையும் கலந்து கூடத்தில் தேங்கி நின்றன. இருட்டாத, ஆனால் வெளிச்சம் என்றும் சொல்ல முடியாத சாயங்காலம். அவள் விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கச் சிரமமென்று ஒதுக்கி வைத்திருந்த கடைசிக் கட்டுரையை எடுத்தாள்.

பழைய கட்டுரை. நகலின் நகல், எழுத்துகள் மை ஊறிக் கிடந்தன. மலைப்பகுதியில் வீடு வீடாகப் போன ஒரு நர்ஸ் எழுதியது. ஒரு வயதான பெண்மணி, கவனித்துக்கொண்டது மகள், மகள் கூடை பின்னுபவள். தரையில் உட்கார்ந்து கூடை பின்னும் பெண்ணை அம்மா பார்த்திருக்கிறாள், முதுகு மட்டும். அவள் தலையை ஆட்டிக்கொண்டு கட்டத்தை நிரப்பினாள். அதே கதை. அடுத்த பத்தி. இன்னும் ஒரு வரி.

"இதைச் சொல்லும்போது மகள் கட்டிலருகே நின்று தாய்க்கு மருந்து ஊட்டிக்கொண்டிருந்தாள்."

மறுபடி படித்தாள்.

மகள் கட்டிலருகே நின்றிருந்தாள். அம்மாவின் கண் முன்னால். கையில் மருந்தோடு. அப்படியானால் தரையில் உட்கார்ந்து கூடை பின்னியது யார்?

அவசர அவசரமாக மற்றக் கட்டுரைகளைப் புரட்டினாள். மருமகள் அப்போது தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். மனைவி கட்டிலில் அவர் பக்கத்திலேயே படுத்திருந்தாள். எல்லாம் எழுதித்தான் இருந்தது. அடிக்குறிப்பில், அடைப்புக்குறிக்குள், ஓரமாக. யாரும் இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. அதற்காகத்தானே அவள் உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா."

தெளிவான குரல். பக்கவாதம் வருவதற்கு முன் இருந்த குரல். அவள் காகிதங்களை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். எழும்போது வழக்கம்போல வலது முழங்கால் சடக்கென்றது. நான்கே எட்டில் கட்டிலுக்குப் போய், அவருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னப்பா? மூச்சு முட்டுதா?"

அப்பா அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டிப் பார்த்தார்.

"அது நீ இல்ல," என்றார்.

"அப்பா..."

"நீ இங்க இருக்க." அவளுடைய விரல்களை அழுத்தினார், இருப்பதை உறுதி செய்துகொள்வதுபோல. "அது அங்க இருக்கு."

மழை பெய்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில் கூடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். காகிதத்தில் பென்சில் ஓடும் சத்தம்.

அவள் திரும்பினாள்.

விளக்கு எரிந்தது. குவியல்கள் இருந்தன. நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கிளிப்பு. அவளுடைய சட்டையின் நிறம். தோள் குனிந்திருந்த விதம் அவளுடையது. இடது கையால் ஒரு காகிதத்தைப் பிடித்து, வலது கையால் அட்டைத்தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். எந்தக் கட்டம் என்று இங்கிருந்து தெரிந்தது. வரிசையின் கடைசி, முகம். மேலிருந்து கீழாக. ஒன்றன்பின் ஒன்றாக. நிரப்பிக்கொண்டே வந்தாள்.

பென்சில் நின்றது.

குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. கழுத்து, கூப்பிடாமலே யாரோ கூப்பிட்டது கேட்டதைப்போல, மெல்ல ஒரு பக்கமாக அசைந்தது. காது தெரிந்தது. காதுக்குப் பக்கத்தில் கன்னம் தொடங்கும் இடம்...

பின்கழுத்தில் ஒரு பிடி விழுந்தது. அப்பாவின் இடது கை. அவள் தலையை இழுத்துத் தன் நெஞ்சில் அழுத்தி, உள்ளங்கையால் அவள் கண் இரண்டையும் பொத்தினார். சாகக் கிடக்கிற மனிதரின் கை இல்லை அது. மலைப்பாதை வளைவில் வண்டியைத் திருப்பிய கை.

"பாக்காத," என்றார் அவள் தலைக்கு மேலே. "நான் பாத்துக்கறேன். நீ பாக்காத."

காதுக்குக் கீழே அவர் இதயம். தடதடவென்று. கூடத்தில் காகிதங்கள் சரசரத்தன. யாரோ எழுந்திருந்தார்கள். ஒரு முழங்கால் சடக்கென்றது.

ஒரு எட்டு. காகிதத்தின் மேல்.

இன்னொன்று. வெறுந்தரையில்.

அப்பாவின் உடம்பு விறைத்தது. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கத்தல் இல்லை. யாரையோ அடையாளம் கண்டுகொண்டவர் போடும் சத்தம். அவர் பார்த்துவிட்டார். அவளுக்காக அவர் பார்த்துவிட்டார். உள்ளங்கை இன்னும் இறுகியது.

மூச்சு இழுத்தது. நின்றது.

விடவில்லை.

காதுக்குக் கீழே தடதடப்பு தடுமாறியது. ஒரு துடிப்பு. நீண்ட இடைவெளி. அரைத் துடிப்பு. அப்புறம் மழை மட்டும். எத்தனையோ நெஞ்சுகளில் காது வைத்துக் கேட்டவள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எழுந்திருக்க வேண்டும். நெஞ்சை அழுத்த வேண்டும். மாணவிகளுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுப்பது. அவள் அசையவில்லை. செத்துப்போன கைக்கு அடியில், செத்துப்போன நெஞ்சின் மேல், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தாள்.

கட்டிலின் மறுபக்கம் அமுங்கியது. யாரோ உட்கார்ந்தார்கள்.

நெடுநேரம் ஒன்றும் இல்லை.

பிறகு, அப்பாவின் சுண்டுவிரல் அவள் முகத்திலிருந்து விலகியது. தானாக இல்லை. எடுக்கப்பட்டது. வலிக்காமல், பதமாக, நோயாளியிடமிருந்து ஒரு பொருளை வாங்கும் நர்சின் கைப்பக்குவத்தோடு. அடுத்து மோதிர விரல். அடுத்து நடுவிரல். மூடிய இமைக்கு வெளியே சிவப்பாக விளக்கு வெளிச்சம் தெரிந்தது. அதை மறைத்துக்கொண்டு ஏதோ ஒன்று மிக அருகில் குனிந்தது.

அவள் இமைகளை இன்னும் இறுக்கினாள்.

ஒரு விரல்நுனி வந்து அவளுடைய வலது இமையின் மேல் அமர்ந்தது. கண்மணியைச் சோதிப்பதற்கு முன் எந்த நர்சும் வைப்பதுபோல, அவ்வளவு லேசாக.

இமையை மேலே தூக்கத் தொடங்கியது.